தொந்தரவுப் பதிவேட்டில் ஒரு பச்சைச் சுடிதார்

செப்டம்பர் 1, திங்கள்

இது டைரி இல்லை, பதிவேடு. டைரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. முல்லை பிளாட்ஸ் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மோகனகிருஷ்ணன் நேற்றுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுக்கொண்டார், அதனால் எழுதுகிறேன். எங்கள் பின்பக்கச் சுவரை ஒட்டி, மேம்பாலத்துக்குக் கீழே, மாநகராட்சி ஒரு ஸ்கேட் பார்க் கட்டித் திறந்திருக்கிறது. அதனால் குடியிருப்போருக்கு ஏற்படும் தொந்தரவுகளை நாள், நேரம், எண்ணிக்கையோடு நாற்பத்தைந்து நாள் குறித்துவர வேண்டும். அக்டோபர் 15 அன்று மண்டல அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பார்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. சங்கத்தில் எல்லாரிடமும் கார் இருக்கிறது. என்னிடம் இல்லை.

என்னிடம் ஏன் கொடுத்தார்கள் என்றால், நான் முப்பத்து நான்கு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம் என்று எழுதியே பிழைத்தவன். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன். தாளைக் கிழித்தது என் சர்வீஸிலேயே கிடையாது. ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது.

என் மனைவி பூங்கோதைக்கு இது பிடிக்கவில்லை. "வேலையில்லாத மனுசன் பேனாவைத் தொறந்துட்டாரு" என்று நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இடம்: நாலாவது மாடி, எங்கள் பால்கனி. காலை 5.50க்கு முதல் பலகை இறங்கிய சத்தம். 6.40 வரை மொத்தம் ஆறு பேர். மாலை 4.15 முதல் கூட்டமோ கூட்டம். பள்ளிக்கூடப் பையை இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் பலகையில் ஏறுகிறார்கள்.

நீச்சல் குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு மூலைகளை வழித்து உருட்டிவிட்டது போல ஒரு சிமெண்ட் தொட்டி. சக்கரம் வைத்த பலகையில் நின்றபடி இந்த விளிம்பில் இறங்கி அந்த விளிம்பில் ஏற வேண்டும். பிறகு அங்கே இறங்கி இங்கே ஏற வேண்டும். போய்ச் சேருமிடம் என்று ஒன்று இல்லவே இல்லை. வாழ்நாளெல்லாம் சேருமிடம் எழுதிய எனக்கு இது என்ன போக்குவரத்து என்று புரியவில்லை.

பலகை விழுந்த சத்தம்: 212. சிரிப்புச் சத்தத்தை எண்ணவில்லை. அதுவும் தொந்தரவில் சேருமா என்று செயலாளரைக் கேட்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் வருகிற ஆறு பேரும் பெண்கள். ஒருத்தி கற்றுக்கொடுக்கிறாள், மற்ற ஐந்து பேரும் விழுகிறார்கள். அதில் பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி இருக்கிறாள். ஹெல்மெட் மாட்டியிருப்பதால் முகம் தெரியவில்லை, ஆனால் உடம்பைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியாயிற்று. பேரன் பேத்தி பார்க்கிற வயதில் இந்தக் கூத்து. ஒன்பது தடவை விழுந்தாள்.

கோதை 7.05க்கு, எப்போதும் போலச் சேலையில், வீடு திரும்பினாள். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் காலையில் பெருமாள் கோயில் வரை நடந்து வருகிறாள். அவளிடம் பச்சைச் சுடிதாரைப் பற்றிச் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டே எத்தனை தடவை விழுந்தாள் என்று கேட்டாள். ஒன்பது என்றேன்.

"எழுந்தத எழுதினீங்களா?"

எழுதவில்லை. விழுந்தால்தானே சத்தம், எழுந்தால் என்ன தொந்தரவு?

செப்டம்பர் 7, ஞாயிறு

கோதை முழங்கையில் சிராய்ப்பு. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். உடனே பிரஷ்ஷை எடுத்து பாத்ரூமை முழுக்கத் தேய்த்துக் கழுவினேன். ஒரு மணி நேரம் ஆனது.

பச்சைச் சுடிதார் இன்று எட்டு தடவை. ஒரு காலைப் பலகையில் வைத்து இன்னொரு காலால் உந்தி உந்திப் போகிறாள், சைக்கிள் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் குரங்குப் பெடல் பழகுவது போல. அதைப் பார்த்ததும் ஒன்று நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் கோதை சைக்கிள் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குக் குடும்பப் பாஸ் இருக்கிறது, எந்தப் பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம், சைக்கிள் எதற்கு என்று சொன்னேன். நியாயமான பதில்தான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இது பதிவேட்டில் வரக்கூடாத விஷயம். ஒற்றைக் கோடு போடலாமா என்று யோசித்து, தப்பாக எதுவும் எழுதவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

கோவையிலிருந்து மகள் எழில் பார்சல் அனுப்பியிருந்தாள். என்ன என்று கேட்டேன். மிக்ஸி மூடி என்றாள் கோதை. கையில் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். பார்சல் மெத்தென்று இருந்தது.

பச்சைச் சுடிதார் ஏழு. முழங்காலுக்கும் முழங்கைக்கும் புதிதாக மெத்தை வைத்த உறை கட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

செயலாளர் வந்தார். எழுதினது போதாது, போட்டோ வேண்டும் என்றார். போட்டோ எதற்கு, இருநூறு அடியில் வருகிற பஸ்ஸின் தடம் எண்ணை டிப்போ வாசலில் உட்கார்ந்தபடியே படித்த கண் இது என்றேன். அவர் போன பிறகு கோதை, இடது கண்ணில் புரை இருப்பதாக டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது, ஆபரேஷனுக்கு எப்போது போவதாக உத்தேசம் என்று கேட்டாள். தேவையில்லை என்றேன்.

"ஆமாமா, நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு" என்றாள். சிரித்தாள் போலிருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

மாலை 5.10. தொட்டிக்குள் ஒரே நேரத்தில் பதினோரு பேர். இரண்டு பையன்கள் நேருக்கு நேர் மோதி ஒருவனுக்கு உதடு கிழிந்தது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எங்கள் பின்பக்கக் கேட்டைப் பூட்டி எட்டு வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, அங்கிருந்து ஆட்கள் உள்ளே வருவார்கள் என்று பூட்டினார்கள். அதனால் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். பன்னிரண்டு நிமிடம்.

கற்றுக்கொடுக்கிற பெண் பெயர் பெனிட்டா. வாரியக் குடியிருப்பில் வீடு, ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. பஞ்சு வைத்து அந்தப் பையனின் உதட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சிசிடிவி சார் நீங்கதான? மேலேர்ந்து பாத்துனே இருப்பீங்களே, பசங்க பேர் வெச்சிருக்கானுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வந்த வேலையைப் பார்த்தேன். ஒரே தடத்தில் நாலு வண்டியை ஒரே நிமிடத்தில் கிளப்பிவிட்டால் என்ன ஆகும், அதுதான் இங்கே ஆகிறது என்று விளக்கினேன். ஒருவன் மேலே ஏறி நின்ற பிறகுதான் அடுத்தவன் இறங்க வேண்டும். உள்ளே எந்த நேரத்திலும் மூன்று பேருக்கு மேல் கூடாது. சட்டைப் பையில் என் பழைய விசில் இருந்தது. ஊதினேன். அரை மணி நேரத்தில் வரிசை நின்றுவிட்டது. மோதல் ஒன்றுகூட இல்லை.

நாளையும் போக வேண்டும். எதிர்த் தரப்பின் நடவடிக்கைகளைக் கிட்டே இருந்து கவனித்தால்தான் பதிவு சரியாக இருக்கும்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி முதல் தேதி. கோயிலுக்குப் போய் வந்தாயே, துளசி எங்கே என்று கோதையிடம் கேட்டேன். அர்ச்சகர் லீவாம். புரட்டாசி மாதத்தில் பெருமாள் கோயில் அர்ச்சகர் லீவு போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

மாலையில் சிலேட்டில் நேர அட்டவணை எழுதி பார்க் கம்பியில் தொங்கவிட்டேன். நான்கிலிருந்து ஐந்து வரை பத்து வயதுக்குள் உள்ளவர்கள். ஐந்திலிருந்து ஆறரை வரை பழகுபவர்கள். அப்புறம் கைதேர்ந்தவர்கள். எட்டு மணிக்குக் கடைசி வண்டி. பிறகு சத்தம் வரக்கூடாது. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஆனால் கேட்டுக்கொண்டார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை 6.20. பச்சைச் சுடிதார் சரிவில் இறங்கும்போது குறுக்கே ஒரு பையன் வந்துவிட்டான். தடுமாறி, கையை ஊன்றி, பக்கவாட்டில் விழுந்தாள். எழுந்து நின்று, யாரையும் திட்டவில்லை, துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இழுத்து இடது பக்கம் செருகிக்கொண்டு, செருகின இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு மறுபடி பலகையில் ஏறினாள்.

மாவு ஆட்ட உட்காரும் முன்னால் அப்படி இரண்டு தட்டு தட்டுவதை நான் முப்பத்து மூன்று வருடமாகப் பார்த்துவருகிறேன்.

இன்று வேறு குறிப்பு இல்லை.

செப்டம்பர் 20, சனி

அட்டவணையில் திருத்தம். காலை 5.45 முதல் 6.45 வரை பெண்களுக்கு மட்டும். பையன்கள் ஏன் என்று கேட்டார்கள். காலை வண்டிகள் நிதானமாகக் கிளம்புகிறவை, குறுக்கே யாரும் வரக்கூடாது, அவ்வளவுதான் என்றேன். பெனிட்டா கிட்டே வந்தாள். "சார், உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்றாள். அட்டவணை தெரியும் என்றேன்.

மருந்துக் கடையில் வலி நிவாரணத் தைலம் பெரிய பாட்டிலாக வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்தேன். எனக்குக் கழுத்து வலி.

பச்சைச் சுடிதார் விழுந்தது ஐந்து. எழுந்தது ஐந்து.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்றிலிருந்து 6.40க்கு வெந்நீர் போட்டுவைக்கிறேன். நடந்துவிட்டு வருகிறவருக்கு வெந்நீர் நல்லது.

செப்டம்பர் 26, வெள்ளி

எழிலிடமிருந்து இன்னொரு பார்சல். நீளமாக, கனமாக இருந்தது. துணி காயப்போடுகிற ஸ்டாண்டாம். ஸ்டாண்டை அசைத்தால் சக்கரம் உருள்கிற சத்தம் வராது. நல்லது, மழைக்காலம் வருகிறது, ஸ்டாண்டு தேவைதான் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

கோதை காலையிலேயே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். அரிவாள்மணை, கிரைண்டர், தையல் மிஷின், என் பேனா, என் விசில். கடைசியில் அரிசிப் பைக்குள் எதையோ சுற்றி எடுத்துவந்து தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரோரமாகச் சாய்த்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே "பழைய இடியாப்பக் கட்டை" என்றாள். இடியாப்பக் கட்டை இரண்டரை அடி நீளத்துக்கு இருக்காது.

ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். அரிசிப் பைக்கு வந்ததும் நின்றேன். கோதை கற்பூரத்தட்டைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டாள். பையை நான் விலக்கவில்லை. பையின் மேலேயே மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். நடுவில் வைத்தது கொஞ்சம் பெரியது.

கடையில் எலுமிச்சம்பழம் நான்கு வாங்கி வந்திருந்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசுக்க எங்களிடம் வண்டி எதுவும் இல்லை. விலை மலிவாக இருந்தது, வாங்கினேன். சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் பார்க்கில் நாற்பத்தாறு பலகைகளைச் சரிவில் வரிசையாக அடுக்கி மாலை போட்டிருந்தார்கள். முல்லை பிளாட்ஸ் பிள்ளைகளும் வாரியக் குடியிருப்புப் பிள்ளைகளும் கலந்து நின்றார்கள். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தொட்டிக்குள்ளேயே பூசணிக்காய் உடைக்கக் கிளம்பினார்கள். வழுக்கி மண்டை உடையும், டிப்போவில் எத்தனை பூசணிக்காய் பார்த்திருக்கிறேன் என்று கத்தி, வெளியே ஓரமாக உடைக்கவைத்து, கழுவியும் விட்டேன். பொரி கொடுத்தார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

காலை 6.05. தொட்டி விளிம்பில் நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின.

அக்டோபர் 3, வெள்ளி

காலை 6.14. பச்சைச் சுடிதார் இந்த விளிம்பில் இறங்கி அந்த விளிம்பில் ஏறி, திரும்பி, மறுபடி இந்த விளிம்புக்கு வந்து நின்றார். விழவில்லை. மற்ற பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன். நாலாவது மாடி என்பதால் கேட்டிருக்காது.

வடை வாங்கி வந்து வைத்தேன். என்ன விசேஷம் என்றாள் கோதை. சூடாக இருந்தது என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

எண்ணிக்கை எடுத்தேன். காலை 5.45 முதல் இரவு 8 வரை பார்க்குக்கு வந்து போனவர்கள்: 163. பலகை விடுபவர்கள் 71. மீதிப் பேர் உட்கார்ந்து பார்ப்பவர்கள், நடப்பவர்கள், பிள்ளையைக் கூட்டிவந்த தாய்மார்கள், சுண்டல் விற்பவர், அவரிடம் வாங்கித் தின்பவர்கள். போன வருடம் இதே இடத்தில் இடிந்த கட்டடக் குப்பை மலையாகக் கிடந்தது. பொழுது சாய்ந்தால் அந்த வழியே கோதையைத் தனியாகப் போகவிட மாட்டேன். இப்போது ஏழரை மணிக்குக்கூட அந்த வெளிச்சத்தில் பெண்கள் நடக்கிறார்கள்.

இன்னொன்று. பெரிய ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு சக்கரத்தில் போகிற பையன்களைப் பற்றி என் சர்வீஸில் டிரைவர்கள் சொல்லாத நாள் கிடையாது. டிப்போவில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு மாதமாக அப்படி ஒரு புகாரும் இல்லையாம்.

செயலாளர் கொடுத்த வரைபடத்தின்படி அங்கே நிறுத்தக்கூடிய கார்கள்: 14.

அக்டோபர் 13, திங்கள்

செயலாளர் வந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் வாரத்தைப் படித்து, "பிரமாதம் சார், இருநூத்திப் பன்னெண்டு தடவை சத்தம், இது ஒண்ணு போதும்" என்றார். அப்புறம் பின்னால் புரட்டினார். அவர் முகம் மாறியது. முதல் இரண்டு வாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துவிடலாம், இல்லாவிட்டால் புது நோட்டில் நல்லபடியாக எழுதித் தாருங்கள் என்றார்.

என் பதிவேட்டில் தாளைக் கிழிப்பது கிடையாது என்றேன். கொடுத்தால் முழுசாகக் கொடுப்பேன். அவர் கோபமாக எழுந்து போனார். காபியைத் தொடவில்லை, நானே குடித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பயமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நோட்டைக் கொடுக்காவிட்டால் பார்க்குக்காகப் பேச அங்கே ஆதாரம் எதுவும் இருக்காது. சங்கம் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை சத்தம் என்று சொல்லி பார்க்கை மூடிவிடும். கொடுத்தால் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். ஒருவர் எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டு ஒன்றரை மாதமாகச் சந்தோஷமாக இருக்கிறார். அது போய்விடும்.

சாயங்காலம் கோதை கேட்டாள். "நாளைக்கு அந்த நோட்டக் குடுக்கத்தான் போறீங்களா?"

கொடுக்க வேண்டும் என்றேன். அவள் துணி மடித்தாள். என் சட்டை ஒன்றையே மூன்று தடவை மடித்தாள்.

அக்டோபர் 15, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 11.00. மண்டல அலுவலகக் கூடம். ஒரு பக்கம் சங்கத்தார் பதினைந்து பேர், நானும் அங்கேதான். எதிர்ப் பக்கம் பெனிட்டாவும் பிள்ளைகளும் பெற்றோர்களும். கடைசி வரிசையில் கோதை. மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் கிளம்பியவள். கையில் பை இருந்தது, காய் இல்லை.

விசாரித்தவர் ஒரு பெண் பொறியாளர். செயலாளர் சத்தத்தைப் பற்றிப் பேசினார். அப்புறம் ஆதாரம் எங்கே என்று பொறியாளர் கேட்டார். நான் எழுந்து போய் நோட்டை மேசையில் வைத்தேன். செயலாளர், அது முழுமையானதில்லை, வேண்டாம் என்றார். அதற்குள் பொறியாளர் திறந்துவிட்டார்.

முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். சிரிப்புச் சத்தத்தை எண்ணவில்லை என்ற இடத்தில் கூடமே சிரித்தது. பச்சைச் சுடிதார் ஒன்பது, எட்டு, ஏழு என்று படித்துக்கொண்டே வந்தார். சில பக்கங்களை மௌனமாகக் கடந்தார். பத்தொன்பதாம் தேதியில் கொஞ்ச நேரம் நின்றார், சத்தமாகப் படிக்கவில்லை. அதற்காக அந்த அம்மாளுக்கு நான் நன்றியுள்ளவன். அக்டோபர் மூன்றாம் தேதியை மட்டும் முழுசாகப் படித்துவிட்டு, இதில் தொந்தரவு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

செயலாளர், அதெல்லாம் வெளியாட்கள், எங்கள் பிளாட்டுக்கும் அந்தப் பெண்மணிக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"நான்தாம்மா அது. வெளியாளு இல்ல, முல்லை பிளாட்ஸ் டி நாலு" என்றாள் கோதை. "முப்பத்தி மூணு வருசமா இவரு வாங்கிக் குடுத்த பாஸ்லதான் போனேன் வந்தேன். நானா, என் கால்ல, நெனச்ச பக்கம் போனது அந்தத் தொட்டியிலதான். காரு நிறுத்தணும்னா நிறுத்துங்க. தொந்தரவுன்னு மட்டும் எழுதாதீங்க."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாமப் பண்ணது தப்புதான்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

பொறியாளர் நோட்டைப் பார்த்துக்கொண்டே, எப்போதிலிருந்து என்று கேட்டார். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் தேதி காலை 6.20லிருந்து என்றேன். கோதை மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

நின்றது நின்றபடி மீதியையும் சொன்னேன். கார் நிறுத்தினால் பதினாலு கார் நிற்கும். நிற்கிற வண்டியால் யாருக்கு என்ன பிரயோஜனம், சர்வீஸில் இருந்தபோது நிற்கிற வண்டியைத்தான் நான் ரிப்போர்ட் எழுதுவேன். இங்கே ஒரு நாளைக்கு நூற்று அறுபத்து மூன்று பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வயசு வித்தியாசம் இல்லை, இந்தச் சுவர் அந்தச் சுவர் இல்லை. சத்தம் ஒரு பிரச்சினைதான், அதற்கு எட்டு மணி என்று அட்டவணை போட்டாயிற்று, ஒரு மாதமாக மீறவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் ஜனங்கள் சும்மா விழுந்து எழுந்திருக்க ஓர் இடம் வேண்டும் சார் என்றேன். அவர் அம்மா, சார் இல்லை. பழக்கதோஷம்.

கார் நிறுத்தும் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்று பொறியாளர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிலேட்டில் உள்ள அட்டவணையைப் பலகையில் பெயிண்ட் அடித்து வைக்கச் சொன்னார். நகல் எடுத்துக்கொண்டு நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். பிள்ளைகள் போட்ட கூச்சலை நான் குறித்துக்கொள்ளவில்லை. செயலாளர் என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பினோம். கோதை ஜன்னலோரம். நான்கு நிறுத்தம் வரை கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில்,

"அந்த நாலு எலுமிச்சம்பழம்..." என்றாள்.

"வெல மலிவா இருந்துச்சு."

அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். பச்சைச் சுடிதாரைப் பெனிட்டா வீட்டில்தான் மாற்றிக்கொள்வாளாம். ஏன் தெரிந்தும் சொல்லவில்லை என்று கேட்டாள். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன் என்றேன். அப்புறம், சைக்கிளுக்கு அன்றைக்கே சரி என்று சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். முப்பத்து மூன்று வருடம் தாமதம். காரணம் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

பின்பக்கக் கேட்டைத் திறந்துவிட்டார்கள். பூட்டு துருவேறிச் சாவி சுற்றாததால் அறுக்க வேண்டியதாயிற்று. அறுக்க ஆள் கூட்டிவந்தவர் மோகனகிருஷ்ணன். அவர் மகளுக்கு ஒன்பது வயது. பார்க்கில் எடுத்த ஆயுத பூஜைப் படத்தில் மாலை போட்ட பலகையோடு நிற்கிறாளாம், நேற்றுத்தான் அவருக்குத் தெரிந்ததாம். அட்டவணையில் அவளுக்கு எந்த நேரம் என்று என்னைக் கேட்டார். நான்கிலிருந்து ஐந்து என்றேன்.

கேட் வழியாக பார்க்குக்கு நாற்பது வினாடி.

கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்று. கோதையின் நிபந்தனை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் பாதியில் எழுந்து கை கழுவினாள். அரிசிப் பையை எடுத்து என் கையில் கொடுத்து, வாங்க என்றாள். பையில் நான் வைத்த பொட்டு இன்னும் மூன்று இடத்திலும் இருக்கிறது, அவள் துவைக்கவில்லை.

தொட்டியில் யாரும் இல்லை. பலகையைத் தரையில் வைத்து ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். அறுபது வயதில் எனக்கு எதற்கு என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஏறுங்க. பாஸெல்லாம் கேக்க மாட்டேன்" என்றாள்.

புறப்பாடு காலை 10.32. சேருமிடம் இல்லை. விழுந்தது மூன்று. எழுந்தது மூன்று.